பூநாரைகளுக்கு அப்பா வைத்த மரியாதை

சிவகாசிப் பக்கம் பிறந்தவர்களுக்கு மரியாதை என்றால் சத்தம். மாப்பிள்ளை வந்தாலும் வெடி, மந்திரி வந்தாலும் வெடி. ஊரை விட்டு வந்ததும் இதை நான் மறந்துபோனேன், மண்டு!

பட்டன் செல்போன் காலம் அது. ஆறு கடலில் கலக்கும் டெல்டாச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றத் திட்டம் எழுதும் ஒரு சின்ன அமைப்பில் எனக்கு முதல் வேலை. கரை கட்டாதே, இறால் பண்ணை வெட்டாதே, மீனும் பறவையும் பிழைக்கச் சேற்றைச் சேறாகவே விடு. திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். ("கடலுக்குப் போற தண்ணிய மறிச்சு நம்மூருக்கு அனுப்பச் சொல்லு தாயி" என்பது போனில் அப்பா சொன்ன ஆலோசனை.) சென்னையிலிருந்து வரும் அதிகாரி பறவைகளைக் கண்ணால் பார்த்தால்தான் பரிந்துரைப்பார். இல்லாவிட்டால் அந்த இடம் இறால் பண்ணைக்காரர்கள் கைக்குப் போய்விடும்.

அன்று நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! படகு மோட்டாரை நிறுத்த வைத்தேன். ஜீப் கதவை அடித்துச் சாத்திய டிரைவரை முறைத்தேன். தும்மப்போன மீனவரை (பாவம் அந்த மனுஷர்) மூக்கைப் பொத்தச் சொன்னேன். எதிரே சேறு முழுக்கப் பூநாரைகள். அதிகாரி பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

பின்னால் ஒரு சரவெடி படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. நிற்கிற வழியாகவே இல்லை.

ஓய்ந்தபோது வானம் முழுக்கப் பறவை. சேற்றில் ஒன்றுகூட இல்லை. புகைக்குள்ளிருந்து வெள்ளை வேட்டியில் சிரித்தபடி வந்தார் என் அப்பா. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவர். மகளுடைய பெரிய நாளாயிற்றே என்று, யாரிடமும் சொல்லாமல் லோடு லாரியில் ஏறி வந்திருக்கிறார்.

"யாரும்மா இவர்?"

"எங்க அப்பா சார்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "அய்யா, கோவிச்சுக்கிடாதீக. இதுக பறந்துரும்னு எனக்குத் தெரியாதுய்யா. எங்கூர்ல எம்புட்டுப் பெரிய சரம் போட்டாலும் ஒரு காக்கா எந்திரிக்காது."

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, வெயில் தாழட்டும். திரும்பி வருதான்னு பார்ப்போம்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்குப் பட்டாசு மருந்துத் தூசியால் வந்த பழைய இருமல் உண்டு. அன்று மாலைவரை துண்டை வாயில் திணித்து அதை அடக்கினார். கண்ணில் நீராக வழிந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். திட்டம் போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

பொழுது சாய, பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. அதிகாரி பரிந்துரைத்தார், ஒரு நிபந்தனையோடு. அந்தப் பகுதியில் யாரும் பட்டாசு வெடிக்கக் கூடாது என்று திட்டத்தில் சேர்க்க வேண்டுமாம். அந்த வரியை என் கையாலேயே எழுதினேன்.

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யார் கேட்டாலும் அம்மா இன்றும், "அவங்கப்பா வெடிக்கே தடை போடுற உத்தியோகம்" என்பாள். அப்பாவுக்கு அதில் துளி வருத்தம் கிடையாது.

"சர்க்காரே தடை போடுதுன்னா, நான் பின்னுன சரம் எம்புட்டுத் தரம்னு பாத்துக்கிடுங்க!"