அத்தானுக்கு, பின்அறை கம்ப்யூட்டர் விஷயமாக

கும்பகோணம்
3.6.2017

மதிப்பிற்குரிய அத்தான் சகாயராஜ் அவர்களுக்கு,

மைத்துனன் குழந்தைராஜ் பணிவுடன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். குவைத்தில் உங்கள் உடம்பும் சர்க்கரையும் ஒரு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று திகைப்பீர்கள். விஷயம் போனில் பேசக்கூடியது அல்ல. அதனால் நம் ஆபீஸில் டிக்கெட் எடுத்த நீடாமங்கலத்துக்காரர் ஒருவரிடம், அக்கா கொடுத்த அதிரசத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அதிரசத்தை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். படித்த பிறகு தொண்டையில் இறங்காது.

திங்கட்கிழமை காலை, நம் டிராவல்ஸில் டிக்கெட் போடும் எல்சி ஒரு பயணியின் பாஸ்போர்ட் நகலைத் தேடிப் பின்அறை கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறாள். திறந்தவள் வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றாள். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய படங்கள், அத்தான். சின்னக் குழந்தைகளுக்குச் செய்த அக்கிரமம். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் எழுதமாட்டேன். போலீசுக்குப் போன் செய்யச் சொன்னாள். செய்திருக்கலாம். நான் ஆடிட்டருக்குச் செய்தேன்.

என்ன செய்வது, பல்வலி வந்தாலும் ஆடிட்டர் இளையபெருமாள் சாரைக் கேட்டே நமக்குப் பழக்கமாகிவிட்டது. அவர் வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்கே காட்டு என்றார். பார்க்காமல் எப்படி அபிப்பிராயம் சொல்வது என்பது அவர் கட்சி. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். எல்சி கரண்ட் வயரைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "அந்தப் புள்ளைங்க எங்கியோ உசுரோட இருக்குங்க ஐயா. நீங்களும் பாத்து, இவரும் பாத்து, அதுங்களுக்கு என்னங்க ஆவப்போவுது?" என்று கேட்டாள். ஆடிட்டர் கோபித்துக்கொள்ளவில்லை. சரி, பார்க்க வேண்டாம், ஆனால் புகார் என்றால் இணைப்பு இல்லாமல் வாங்கமாட்டார்கள், எல்லாவற்றையும் மூன்று பிரதி பிரிண்ட் எடுத்துக் கெசட்டெட் ஆபீசரிடம் அட்டெஸ்டேஷன் வாங்கு என்றார். வெளிநாடு போகிறவர்களின் காகிதங்களுக்குக் காலமெல்லாம் இதைத்தானே செய்கிறோம், நானும் பேப்பர் கட்டைப் பிரித்துவிட்டேன். பிரதி எடுத்தால் நாமும் அதே குற்றத்தைச் செய்தவர்களாவோம் என்று அவள் சொன்ன பிறகுதான் கட்டைக் கீழே வைத்தேன். போகும்போது ஆடிட்டர் என் காதில் இன்னொரு யோசனை சொன்னார். பார்த்தவள் ஒருத்திதான், அவளை லீவில் அனுப்பிவிட்டால் பார்த்த ஆளே இல்லை. அனுப்பினேன். மறுநாள் காலை வழக்கம்போல வந்து உட்கார்ந்துவிட்டாள். மதியச் சோற்றைத் திறப்பதில்லை. நேற்று விசா போட்டோவுக்கு ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கவுன்டர் மேல் உட்கார வைத்தாள், இவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். சாயங்காலம் ஆபீஸ் மூடிய பிறகு அந்த அறையில் உட்காருவது உங்கள் மகன் ஜெனித். தொழில் பழகட்டும் என்று நீங்கள்தான் அனுப்பினீர்கள். கண்டவரும் பென்டிரைவ் செருகுகிற மிஷின் அது, வேறு யாராகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லும்போது நம்புகிறேன், சாப்பிட உட்கார்ந்தால் நம்ப முடியவில்லை. அவனுக்குக் குவைத் விசா வந்து நிற்கிறது. போலீஸ் என்று போனால் பயணம் போயிற்று. அவன் தப்பே செய்யாதவனாக இருந்தால்? செய்தவனாக இருந்தால்? இரண்டையும் நினைத்து நினைத்து மூளை குழம்பி, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு அரசலாற்றுப் பாலத்துக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு கீழே போட்டேன். தொப்பென்று சத்தம் கேட்டது. மேட்டூர் திறக்கவில்லை, ஆறு முழுக்க வெறும் மணல் என்பது, தினமும் அதே பாலத்தைக் கடக்கிற எனக்கு அந்த நிமிஷம் மறந்தே போயிற்று. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்து, "பொட்டி தவறி விழுந்துடுச்சுங்க" என்று கொடுத்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. இன்வெர்ட்டர் என்று சான்ட்ராவிடம் சொல்லியிருக்கிறேன். கரண்ட் போகும்போதெல்லாம், கட்டிய புருஷனை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

ஆகவே அத்தான், நான் முடிவு செய்துவிட்டேன். உங்கள் பதில் வரும்வரை வாயைத் திறக்கமாட்டேன். ஜெனித் நல்லபடி விமானம் ஏறட்டும். ஆற்றில் தண்ணீர் வந்ததும் பெட்டியை மறுபடி கொண்டுபோகிறேன். எல்சியை எப்படியாவது சமாதானப்படுத்திவிடலாம். உங்களுக்கு மாதா துணையிருக்க வேண்டும் என்று தினமும் ஒரு ஜெபமாலை கூடுதலாகச் சொல்கிறேன்.

உங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
குழந்தைராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது எல்சி கைப்பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நீங்க வரலைன்னா நான் தனியாப் போறேங்க ஐயா" என்றாள். அதட்டத்தான் எழுந்தேன். எழுந்தவன் அவளோடு வீட்டுக்குப் போய், பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, ஸ்டேஷனுக்கே போய்விட்டேன். எஸ்.ஐ. ஒரு அம்மாள். யாருக்கும் காட்டாமல், பிரதி எடுக்காமல் உடனே சொன்ன இந்தப் பெண் ஒருத்திதான் ஒழுங்காக நடந்திருக்கிறாள், ஆற்றில் போட்டதற்கு என் மேலும் வழக்கு எழுதவேண்டியிருக்கும் என்றார். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார், மனசு விட்டுப் பேச ஒரு டாக்டரைச் சொல்கிறேன் என்றார். அப்போதுதான் அந்தப் பெண் அழுதது. பிறகு, ஆபீஸ் மூடிய பின் அங்கே உட்காருவது யார் என்று என்னைக் கேட்டார். ஜெனித் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எனக்குப் பதில் எழுதவேண்டாம். அக்காவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பிள்ளைக்குப் பிடிக்குமென்று மீன்குழம்பு வைத்திருப்பதாகச் சொல்லி, என்னையும் சாப்பிட வரச்சொல்லி இப்போதுதான் போன் செய்தது.