முக்கால் சைஸ் நக்கோ

என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம். (செருப்போடு அளந்தால் மூன்றங்குலம். வேலைக்கு விண்ணப்பித்தபோது செருப்போடுதான் அளந்தேன்.) என்னைப் போன்ற குள்ளர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் எடுக்கும்போதெல்லாம் அம்மா "வளர்ற புள்ள" என்று சொல்லி ஒரு சைஸ் கூட்டி எடுத்ததில் எனக்கு இது தொடங்கியது. நான் வளரவில்லை. பழக்கம் வளர்ந்துவிட்டது. கல்யாணக் கோட்டு, ஹெல்மெட், மோதிரம், வீட்டு ஃப்ரிஜ் எல்லாமே பெரிசு. ஆனால் நான் டபுள் பாஸ் வாங்கியதற்கு முன்னால் இவையெல்லாம் ஒன்றுமே இல்லை.

டபுள் பாஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயலினை நிமிர்த்தி வைத்து, ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக்கினால் கிடைப்பது அது. நான்கு தடித்த கம்பிகள். நின்றபடி அணைத்துப் பிடித்து விரலால் இழுத்து வாசிக்க வேண்டும். பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று நடந்துகொண்டே இருக்குமே, அந்தச் சத்தம்.

நான் ஹைதராபாத்தில், மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ரயில்வேயில் பார்சல் கிளார்க். சிறு வயதிலிருந்தே எங்கள் சர்ச்சில் பாஸ் கிட்டார் வாசித்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அப்பா ஒவ்வொரு வாரமும் ஒரே விமர்சனம்தான் வைப்பார்.

"எல்லாம் கேட்டுச்சுடா. உன்னுதுதான் கேக்கல."

பாஸ் என்பது தனியாகக் கேட்காதப்பா, அது இல்லாவிட்டால்தான் பாட்டு வெறுமையாக இருப்பது தெரியும் என்று விளக்குவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அப்பா மட்டும் போய்விட்டு வந்து, "இன்னிக்கு பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். அதற்கப்புறம் நான் விளக்குவதை விட்டுவிட்டேன். ஆனால் அப்பாவின் காதில் ஒருநாள் என் வாசிப்பு விழுந்தே தீரவேண்டும் என்ற வெறி மட்டும் போகவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் டெனிஸ் கூப்பிட்டான். என்னோடு ரயில்வே பள்ளியில் படித்தவன், பியானோ வாசிப்பவன். பஞ்சாரா ஹில்ஸில் ஒரு பெரிய ஓட்டலில் ஞாயிறு மதிய விருந்துக்கு வாசிக்கும் குழு அவனுடையது. அவன் பேசுவது பாதி தமிழ், பாதி எங்கள் ஊர் உருதுவான தக்கினி. (அதில் 'நக்கோ' என்றால் வேண்டாம், 'யார்' என்றால் நண்பா.)

"நக்கோ யார், பாஸ் கிட்டார் நக்கோ. ஓட்டல்காரன் நிக்க வச்சு வாசிக்கிற பெரிய பாஸ்தான் வேணுங்கிறான். பாக்க கெத்தா இருக்கணுமாம். ஒரு ஞாயித்துக்கிழம வாசிச்சுக் காட்டு. புடிச்சிருந்தா ஒவ்வொரு வாரமும் நீதான்."

அப்போது எனக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. புதிதாகக் கல்யாணமாகி, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வாடகை வீடு. என் மனைவி எஸ்தர், ஒரு சீப்பு வாங்குவதென்றாலும் இண்டர்நெட்டில் நான்கு பக்கம் படித்துவிட்டு வாங்குகிறவள். டபுள் பாஸ் என்றதும் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள்.

"முழு மரத்துல செதுக்கினது வேணாங்க. விலையும் ஜாஸ்தி, இந்த ஊரு வெயிலுக்கு வெடிச்சிடுமாம். தூக்கிட்டு அலையறதுக்கு பிளைவுட்தான் நல்லது. கம்பி மட்டும் நல்லதாப் போட்டுக்கலாம். சைஸு முக்கால்."

"முக்காலா?"

"பேருதான் முக்கால். எல்லாரும் வாசிக்கிற சாதாரண சைஸே அதுதானாம்."

"அது சின்னப் பசங்களுக்கு."

"ஆறடி வெள்ளைக்காரனே முக்கால்தான் வாசிக்கிறான்னு போட்டிருக்கு. அந்தக் கணக்குல பாத்தா உங்களுக்கு அரைதான் வாங்கணும்."

அந்தக் கடைசி வரியை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சிகந்தராபாத்தில் இக்பால் பாயின் கடையில் இரண்டு பிளைவுட் பாஸ் இருந்தன. உள்ளே ஒரு முக்கால். வாசலில் ஒரு முழுசு. முழுசு வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் நாங்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் கடைக்குள் நுழைந்தோம். நான் அதையே பார்ப்பதை இக்பால் பாய் கவனித்துவிட்டார்.

"ஃபுல் சைஸ், சாப். பூரே ஷஹர் மே ஏக் ஈச்."

ஊரிலேயே ஒன்றுதானாம். ஏன் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று கேட்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை. அதோடு முக்காலுக்கு முழு விலை சொன்னார், முழுசுக்கு முக்கால் விலை சொன்னார். இதற்கு மேல் என்ன வேண்டும்? எஸ்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வேணாங்க, வேணாம்" என்றாள். (ஹைதராபாத் தமிழர்கள் கடைகளில் ரகசியம் பேச வைத்திருக்கும் மொழி தமிழ்.) இக்பால் பாய் சிரித்த முகத்தோடு, "வேணும்மா, வேணும்" என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "முக்கால் சைஸ் நக்கோ பாய்" என்றேன். அவரே ஓடிவந்து அதை ட்ராலி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பல நாளைக்கப்புறம் அவர் கடைக்குள் வெயில் அடித்தது.

அடுத்தது, அதற்குத் தேவையான சாமான்கள். நல்ல கம்பி மாட்டினோம். கம்பிகளைத் தாங்கும் குதிரையைக் கொஞ்சம் இழைத்து உயரம் குறைத்தோம். சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்-அப் ஒன்றை அதில் பொருத்தினோம். டெனிஸின் பாட்டுகளுக்கு வில்லே தேவையில்லை. இருந்தாலும் கம்பீரமாக இருக்கிறதே என்று ஒரு வில்லும் வாங்கினேன். வாங்காமல் விட்டது ஒன்றுதான். டபுள் பாஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிதான் அதன் ஒற்றைக் கால். வழுக்காமல் இருக்க அதன் முனையில் ஒரு ரப்பர் குமிழ் மாட்ட வேண்டும். எஸ்தர் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் தாத்தாக்களின் கைத்தடிக்கு விற்கிற ரப்பரை வாங்கி வந்து, அளவு சரியாக இருக்கிறது என்று காட்டினாள்.

"கைத்தடி ரப்பரா? ஊரிலேயே ஒரே ஃபுல் சைஸுக்கா?" என்று கேட்டு அதைத் தள்ளிவிட்டேன். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் பாஸ் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பால்காரர், டியூஷன் பிள்ளைகள், கேஸ் சிலிண்டர் எல்லாம் இரண்டு பக்கமும் வரிசையில் நின்றார்கள். கடைசியில் தரைத்தளத்து வரலட்சுமி காரு, "கிந்தனே பெட்டண்டி" என்று தெலுங்கில் தீர்ப்புச் சொன்னார். கீழேயே வைத்துவிட்டேன், படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர் மோட்டார் பக்கத்தில், சைக்கிள் பூட்டு போட்டு. பயிற்சியும் அங்கேதான். முதல் இரண்டு நாள் நான் வாசிக்கும் சத்தத்தை மோட்டார் என்று நினைத்து, டேங்க் நிரம்பிவிட்டதா என்று ஆட்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். தசராவன்று வரலட்சுமி காரு, கருவிகளுக்கெல்லாம் பூஜை என்று, என் பாஸுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். சர்ச்சுக்குப் போகிற வீட்டு பாஸ் என்றாலும் அதற்கு அது நன்றாகவே இருந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை நான் கவனிக்கவில்லை. மோட்டார் பக்கத்தில் தரை எப்போதும் ஈரம். அதனால் பாஸைத் தரையில் ஊன்றி, நான் முதல் படிமீது நின்று வாசித்தேன். மூன்று வாரம் அப்படியே வாசித்தேன். நான் ஒரு படி உயரமான ஆள் என்று என் கைகள் முழுமனதாக நம்பிவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ட்ராலி ஆட்டோவில் பாஸைக் கட்டிப்பிடித்து நின்றபடியே ஓட்டலுக்குப் போனேன். எஸ்தரும் அப்பாவும் காரில் வந்தார்கள். அப்பா, ரிட்டையர் ஆன அன்று போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

"இன்னிக்காவது கேக்குமாடா?"

"கேக்கும்ப்பா."

வழவழப்பான மர மேடை. அதை ஒட்டியே இனிப்பு மேசை. பாஸை நிறுத்தினேன். இடது கையைத் தூக்கினேன். கை இன்னும் மேலே போகவேண்டும் என்றது. முதல் பாட்டு தொடங்குகிற சுரங்கள் என் உச்சந்தலைக்கும் மேலே எங்கேயோ இருந்தன. அடிக் கம்பியை முடிந்தவரை உள்ளே தள்ளினேன். அப்போதும் எட்டவில்லை.

"க்யா ஹுவா யார்? ஆரம்பிக்கணும்" என்றான் டெனிஸ்.

"டெனிஸ், ஒரு படி வேணும்."

"என்னா படி?"

"மாடிப்படி."

அவன் என்னைப் பார்த்தான், பாஸைப் பார்த்தான், அப்புறம் ஒரு வெயிட்டரைப் பார்த்தான். வெயிட்டர் ஓடிப்போய், மூலையில் பூந்தொட்டிக்கு அடியில் இருந்ததை, தொட்டியை இறக்கிவிட்டுத் தூக்கி வந்தார். முக்காலி. முக்கால் வேண்டாம் என்ற நான் முக்காலிமேல் ஏறினேன்.

முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது இன்னும் நன்றாகப் போனது. டெனிஸ் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது பாட்டில், கூட்டத்துக்கு நடுவே அப்பாவைப் பார்த்தேன். பிரியாணித் தட்டை ஒதுக்கிவிட்டு, காதின் பின்னால் கையைக் குவித்துக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாக இடமும் வலமும் தலையசைத்தார். கேக்கல.

இன்னும் பலமாக இழுத்தேன். உடம்பையே பாஸ்மீது சாய்த்து இழுத்தேன். ரப்பர் இல்லாத ஒற்றைக் கால் வழுக்கி ஓடியது. முக்காலி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். விடக்கூடாது என்று பாஸை இறுகக் கட்டிக்கொண்டதால் இருவரும் சேர்ந்தே இனிப்பு மேசைமேல் சரிந்தோம். பாஸின் சுருள் தலை நேராக டபுள் கா மீட்டா தட்டில் இறங்கியது. நெய்யில் வறுத்த ரொட்டியும் பாகும் நான்கு பக்கமும் தெறித்தன. பிக்-அப் தன் கடமையைச் செய்தது. நான்கு கம்பிகளும் ஒரே நேரத்தில் அதிர்ந்த சத்தம் ஸ்பீக்கர் வழியாக அந்த மண்டபம் முழுக்கப் போய், கரண்டிகளெல்லாம் நின்றன.

அப்போது ஒரே ஒருவர் எழுந்து நின்றார்.

"கேட்டுச்சுடா!" என்றார் அப்பா. "நல்லா கேட்டுச்சு!"

கை தட்டினார். சிரித்தபடி இன்னும் சிலர் தட்டினார்கள். டெனிஸ் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல பியானோவை வாசித்துக்கொண்டே இருந்தான். மேனேஜர் தூரத்திலிருந்து வேகமாக நடந்து வருவது தெரிந்தது. பாட்டு முடிவதற்குள் வெளியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். கழுத்தைத் தடவிப் பார்த்தேன், முறியவில்லை. (பாஸின் கழுத்தைச் சொல்கிறேன்.) பிளைவுட் என்பதால் உடம்பிலும் ஒரு விரிசல் இல்லை.

எனக்கு முன்னால் எஸ்தர் மண்டியிட்டாள். என்னைத் தூக்கத்தான் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்து, கைத்தடி ரப்பரை எடுத்து, பாஸின் காலில் மாட்டினாள். பிறகு எழுந்து, வந்து சேர்ந்த மேனேஜரிடம், கல்யாண மேடைக்கு மணப்பெண் ஏறும் படி இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டாள். அந்தக் குரலுக்கு அவர் ஏன் என்று கூடக் கேட்கவில்லை. சிவப்புக் கம்பளம் போர்த்து, தங்க ஜரிகை ஓரம் வைத்த படி வந்தது.

அதில் ஏறினேன். முட்டி வலித்தது. பாஸின் தலையிலுள்ள முறுக்காணிகளிலிருந்து பாகு என் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஏறினேன், மீதி நிகழ்ச்சி முழுவதையும் வாசித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. நான் வாழ்க்கையில் செய்த காரியங்களில் எனக்கே பெருமையாக இருப்பது அதுதான். கடைசிப் பாட்டில் அப்பா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, மேசையில் சரியாக என் தாளத்துக்கு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். என் கண்ணில் தண்ணீர் வந்தது. பாகு என்று துடைத்துக்கொண்டேன்.

"நெக்ஸ்ட் சண்டே வந்துரு" என்றான் டெனிஸ். "ஆனா மீட்டா பக்கத்துல நிக்க நக்கோ."

திரும்பும்போது அப்பா காரில் ஏற மறுத்துவிட்டார். "பார்சல் கட்டறது எனக்குத் தெரியும், நகருடா" என்று சொல்லி, ட்ராலி ஆட்டோவில் பாஸைத் தானே கட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்தில் பைக்கில் நின்றவர்கள் இது என்ன என்று கேட்டார்கள். அது என்ன என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. "மேரா பேட்டா பஜாதா", என் மகன் வாசிக்கிறான், என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஓட்டலில் நான்தான் வாசிக்கிறேன். நான் ஏறி நிற்பதற்கென்று தச்சரை வைத்து ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யார் எதை வாங்கப் போனாலும், கடைக்காரர் சைஸ் கேட்டவுடன் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் மௌலா அலியில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறது. அங்கே அதைச் சொல்வது அப்பா. அவர் சொல்லும் கதையில் நான் விழவில்லை. அந்தப் பாட்டிலேயே அப்படி இருக்கிறதாம். கடைசியில் வாத்தியத்தோடு சாய்ந்து ஒரு அடி அடிக்க வேண்டுமாம், அது எல்லாராலும் முடியாதாம். நான் இதுவரை திருத்தவில்லை. நீங்களாக இருந்தாலும் திருத்த மாட்டீர்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச்சில் என்னை டபுள் பாஸ் வாசிக்கச் சொன்னார்கள். என் பெட்டிமேல் நின்று எல்லாக் கீதங்களுக்கும் ஒழுங்காக வாசித்து இறங்கினேன். கேக் சாப்பிடும்போது, அப்பாவின் கதையைப் பலமுறை கேட்டிருந்த கிரேஸ் அத்தை குறையாகச் சொன்னார்.

"நல்லாத்தான் வாசிச்சான். ஆனா கடைசி வரைக்கும் விழவே இல்லையே?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விழுறதெல்லாம் பெரிய ஓட்டல்லதான் விழுவான். இங்கல்லாம் சும்மா வாசிப்பான், அவ்வளவுதான்."