பதினேழு அழைப்புகளும் மருமகனின் படிப்பும்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் என் ரத்த அழுத்தமும் மாடிப்படியும் இப்போதைக்குச் சமாதானமாக இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு வணக்கமும் மருமகனுக்கு ஆசிகளும் சொல்லவும்.

மருமகனை மென்பொருள் படிப்பில் சேர்ப்பதா, கால்நடை மருத்துவத்திலா, இருபதாம் தேதிக்குள் கல்லூரிக்குச் சொல்லியாக வேண்டும், உங்கள் மகளிடம் கேட்டு எழுதுங்கள் அண்ணா என்று கேட்டிருந்தாய். கேட்டேன். ஆறு வருடமாக அந்த வேலையில் இருப்பவள், காதில் மாட்டியதைக் கழற்றாமலே, "மீட்டிங்ல இருக்கேன்பா" என்றாள். மூன்று நாளாக மூன்று வேளையும் அதே பதில். நான் முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவன். ஓட்டுநரைக் கேட்டு நேரம் குறித்ததில்லை, வாசலில் நின்று கண்ணால் பார்த்துத்தான் குறித்திருக்கிறேன். இதையும் அப்படியே பார்த்துக் குறித்துவிட்டேன். சந்தேகமே வேண்டாம், மென்பொருள்தான்.

எப்படி என்கிறாயா? வேலை நேரத்தில் தொந்தரவு வேண்டாமென்று அவள் தன் சொந்தக் கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். திங்கட்கிழமை 10.12க்கு அது அடித்தது, நான் எடுத்தேன். கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண். "மேடம் வேற வேலைக்கு மாற ரெடியா இருக்காங்களா சார்?" என்றாள். "அடுத்த வண்டி காலியா வந்தா ஏறாம நிப்பாளாம்மா?" என்றேன். "இப்ப இருக்கிற இடத்துல என்ன பிரச்சினை சார்?" "அவ மேலாளர் பேச ஆரம்பிச்சா பிரேக் பிடிக்காதும்மா." சிரித்துக்கொண்டே, அவளைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டாள். ஒருவரின் வேலையைப் பற்றி அவருடைய மேலாளரைவிட விவரமாகச் சொல்லக்கூடியவர் யார்? அவசரத்துக்கென்று ஃபிரிட்ஜ் கதவில் மகள் ஒட்டி வைத்திருந்த அவருடைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் கொடுத்தேன்.

என் ராசி என்றுதான் சொல்ல வேண்டும், செவ்வாய்க்கிழமை நான்கு அழைப்பு, புதன் ஆறு, இன்று மதியத்துக்குள் இன்னும் ஆறு, ஆக மொத்தம் பதினேழு, எல்லாம் நோட்டில் நேரத்தோடு இருக்கிறது. சரக்கு லாரிகளுக்கு வழி சொல்லும் மென்பொருளில் ஆறு வருட அனுபவம் வேண்டுமாம், மூன்று பேரை மேய்க்கத் தெரிய வேண்டுமாம், அவளுக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒருவர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்: "ரொம்ப அவசரம் சார், இருக்கிறவங்க திடீர்னு போறாங்களாம்." எனக்கே பாவமாகிவிட்டது. "போறவங்க போகட்டும் தம்பி, நல்ல இடத்துல உக்காரத் தெரியாதவங்க" என்று தேற்றினேன். நேர்காணலுக்குப் பத்து மணி தனக்குத்தான் என்று இரண்டு ஏஜென்சிகள் மல்லுக்கு நின்றன. முதலில் வந்த வண்டி முதலில் புறப்படும் என்று சொல்லி, நாளை முழுவதும் அரை மணிக்கு ஒருவராக நேரம் ஒதுக்கிவிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது, காலையில் அட்டவணையைக் கையில் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மாடி வீட்டுக்காரர் வழக்கம்போல, "இனிமே எல்லாத்தையும் மெஷினே எழுதிடுமாம்யா" என்று பயமுறுத்தப் பார்த்தார். "நிலையத்துல டிக்கெட் மெஷின் வந்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்க. கடைசியில அதைத் தட்டிக்கொடுத்து வேலை வாங்க ரெண்டு ஆளைப் போட்டாங்க" என்றேன். எதிர்க் கட்டடத்தில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். திங்கள் முதல் அவரையும் கவனிக்கிறேன். வந்தவை இரண்டு நாய். அதில் ஒன்று அவருடையது.

ஆகவே தயங்காதே. இன்றைக்கே மருமகனைக் கையெழுத்துப் போடச் சொல். அவன் படித்து முடிக்கும்போது கம்பெனிகள் வாசலில் வரிசையில் நிற்கும், வரிசையை நான் வந்து ஒழுங்குபடுத்துகிறேன். எல்லோரும் நோய் நொடியில்லாமல், சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் வெளியே வந்தாள். "அப்பா, நான் வேலையை விடறேன்னு எங்க மேலாளர்கிட்ட யாருப்பா சொன்னது? பிரேக் பிடிக்காதுன்னு வேற சொன்னீங்களாமே! என் இடத்துக்கு ஆள் வேணும்னு திங்கக்கிழமை சாயங்காலமே ஊர்ல இருக்கிற ஏஜென்சிக்கெல்லாம் அனுப்பிட்டாரு." நோட்டை வாங்கிப் பார்த்தாள். பதினேழில் பதினாறும் அவளுடைய நாற்காலிக்குத்தானாம். முதல் அழைப்பின் இடமோ அன்றைக்கே நிரம்பிவிட்டதாம். தான் வேலையை விடவில்லை என்று மேலாளரிடம் சொன்னாளாம். "நடைமுறை ஆரம்பிச்சாச்சும்மா, நீங்களும் விண்ணப்பம் போடுங்க" என்றாராம். நாளை பத்து மணிக்குத் தன் வேலைக்கே நேர்காணலுக்குப் போகிறாள். கிடைத்துவிடும், அனுபவம் இருக்கிறதே. எழுதியதை அடிப்பது என் வழக்கமில்லை, அதனால் மேலே இருப்பது அப்படியே இருக்கட்டும். கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லையென்றால் கொஞ்சம் பொறு, கால்நடை மருத்துவமும் நல்ல படிப்புதான். எதைப் படித்தாலும் சரி, அவனுடைய கைபேசியை மாப்பிள்ளை எடுக்காமல் பார்த்துக்கொள்.