இறகுக் குழியில் இரண்டு நாள்

கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த ஒரு காட்டில், ஒய்யாரன் என்றொரு நரி கவலையோடு வாழ்ந்துவந்தது. கறி தீர்ந்துவிடும், இறகு தீராது. புதைத்தால் மழை கிளறிவிடும். எரித்தால் நாற்றம் ஊரைக் கூட்டும். கடைசியில் வளைக்குப் பின்னால் இருந்த சேற்றுக் குழியில் கொட்டிவந்தது.

ஒருநாள் காலை குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சாப்பாட்டுக்கு நன்றி அண்ணே."

எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை.

"கண்ணுக்குத் தெரியமாட்டேன். நான் நுண்ணுயிர். இறகு, முடி, நகம் எல்லாம் கெரட்டின். அது லேசில் செரிக்காது. நான் ஒரு நொதியைச் சுரந்தால் கஞ்சியாகிவிடும்."

"இவ்வளவும் கரைய எத்தனை நாள் ஆகும்?"

"வெயில் இப்படியே அடித்தால் ரெண்டே நாள்."

நரி மூச்சுவிடுவதற்குள் பாதையில் பேச்சுக்குரல் கேட்டது. முன்னால் கொண்டையப்பன் என்ற சேவல். அதன் அக்காள் போன வாரம்தான் காணாமல் போயிருந்தாள். பின்னால் விசாரணை அலுவலர் நிதானமூர்த்தி என்ற ஆமை. அதற்கும் பின்னால், சாட்சி சொல்ல வரிசையில் ஏழு கோழிகள். ஓட வழியில்லை. நரி குழிக்குள் இறங்கி, மூக்கை மட்டும் வெளியே விட்டு, சேம்பிலையால் மூடிக்கொண்டது.

"குழி நிறைய இறகு இருக்கு, பாருங்க சார்," என்றது சேவல்.

"பார்ப்போம். முதலில் படிவம்."

படிவம் பதினாறு பக்கம். தடயம் பதினான்காம் பக்கத்தில் இருந்தது.

"அப்பா பெயர்?"

"அடைகாத்தது அம்மா மட்டும்தாங்க."

"அப்படியென்றால் இணைப்பு இரண்டையும் நிரப்ப வேண்டும்."

ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் மூன்று நகல். ஆமை ஒவ்வொன்றையும் மை காயும்வரை வெயிலில் காட்டியது.

குழிக்குள் நரிக்கு அரிக்க ஆரம்பித்தது. "தம்பி, உடம்பெல்லாம் என்னவோ பண்ணுதே?" என்று முணுமுணுத்தது.

"நாங்கதான் அண்ணே," என்றது குரல். காலையில் ஒன்றாக இருந்தது இப்போது கோடியாகியிருந்தது. "கோழி இறகு எது, உங்க ரோமம் எதுன்னு எங்களுக்குத் தெரியலை. ரெண்டும் கெரட்டின்தானே."

நரிக்குக் கண் கலங்கியது. தினம் இருமுறை நக்கி நக்கி மினுக்கிய வால் அது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் பதினான்காம் பக்கம் வந்தது. ஆமை எட்டிப் பார்த்தது. குழியில் பழுப்புக் கூழ்தான் இருந்தது.

"இறகு எங்கே?"

"நேத்து இருந்ததே சார்! நீங்களும் பார்த்தீங்களே."

"நேற்று நான் முதல் பக்கத்தில் இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து நரிக்குத் தும்மல் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டோம் என்று தள்ளாடி மேலே ஏறியது. உடம்பில் ஒரு முடி இல்லை. வால் புடலங்காய் போலத் தொங்கியது. ஆமை அடுத்த பக்கத்தைப் புரட்டி, "சந்தேக நபர்: செம்பழுப்பு ரோமம், அடர்ந்த வால்," என்று படித்துவிட்டு நிமிர்ந்தது.

"நீ யார்?"

நரி தன்னையே குனிந்து பார்த்து அழுதது. "தெரியலைங்க ஐயா."

ஒரு கோழி முன்னால் வந்து, "பாவம், இவனையும் அந்த நரிதான் உரிச்சிருக்கு," என்றது. ஆமை தலையாட்டி, பாதிக்கப்பட்டோர் பட்டியலில் எட்டாவதாகச் சேர்த்துக்கொண்டது. குளிர் தாங்காதே என்று கோழிகள் அதைத் தங்கள் கூட்டுக்கே அழைத்துப்போயின. குழியில் இருந்த கூழையும் சோளப் பயிருக்கு உரமாக எடுத்துப்போயின.

முடி முளைக்கும்போதெல்லாம் நரி அந்தக் குழிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தது. கூட்டில் கோழி குறையும்போதெல்லாம் புகார் மனுவில் முதல் கையெழுத்து அதனுடையதாகத்தான் இருந்தது.

நீதி: தடயத்தை மட்டும் கரைத்தால் போதாது. கூடவே நீங்களும் கொஞ்சம் கரைந்தால், பாதிக்கப்பட்டோர் பட்டியலில் இடம் நிச்சயம்.