துரை உட்கார்ந்ததும் எரிந்த விளக்கு

எண்ணெயை மிச்சப்படுத்துவது பற்றிப் பேச அரசாங்க அதிகாரி வரும் நாளில், தோட்டத்து ஜெனரேட்டருக்கு டீசல் சொல்லி வைக்க மறந்த கிராணி உலகத்தில் ஒருவன்தான் இருப்பான். அவன் நான்தான். மலேசியாவில் பீடோங் பக்கத்துத் தோட்டம், ஆபீசில் எழுத்து வேலை, எண்பதுகளின் தொடக்கம்.

கெடா மாநிலத்திலேயே அரசாங்கத்தின் எரிசக்திக் கொள்கையை ஒரு சொல் விடாமல் நம்பியவர் எங்கள் சாணிகேஸ் அண்ணன். பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுவது வேலை, நாலு மாடுகள் குடும்பம். எண்ணெயை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று வானொலி சொன்ன அன்றே வீட்டு பல்பைக் கழற்றிவிட்டார். சாணியிலிருந்து வாயு எடுப்பது எப்படி என்று ஆபீசுக்கு மலாயில் வந்த துண்டறிக்கையைப் படித்துக் காட்டச் சொன்னார். நான் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். சாணி கரைத்து ஊற்றிய முதல் பீப்பாயின் மூடி பறந்துபோய், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுக் கூரையில் உட்கார்ந்தது. அண்ணன் கோபப்படவில்லை. கேஸ் வருகிறது என்று தெரிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டார். அடுத்த மாதமே அவர் வீட்டு அடுப்பு நீலமாக எரிந்தது. சாணி கேஸில் போட்ட டீயைக் குடிக்கத்தான் லயத்து வீடுகளில் ஆளில்லை.

இதற்கிடையில் தோட்டத்து மேனேஜர் துரையிடமிருந்து அவருக்குக் கடிதம் போனது: மாடுகள் செம்பனைக் கன்றுகளைத் தின்கின்றன, மாதக் கடைசிக்குள் தோட்டத்தை விட்டு ஓட்ட வேண்டும். டைப் அடித்த பாவி நான். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி.

“கவர்மெண்டு சொல்றது என் மாட்டுக்கே வெளங்குது, தம்பி. தொரைக்கு வெளங்கலியே” என்றார்.

அதிகாரி வந்த அன்று பொழுது சாயும் நேரம், மண்டபம் நிறையக் கூட்டம். அவர் வணக்கம் சொன்னார். மைக் செத்தது, விளக்கும் செத்தது. துரை இருட்டில் என் பெயரைச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்போது அண்ணன் உள்ளே வந்தார். தோளில் மாலை மாதிரி, கேஸ் அடைத்த லோரி டயர் டியூப். கையில் அதோடு இணைத்த, பெட்ரோமாக்ஸ் மாதிரி மெண்டல் விளக்கு. ஏற்றினார். மினுக்கென்று எரிந்து மங்கியது. டியூபை அமுக்கினால்தான் கேஸ் வேகமாக வருமாம். அதைத் தரையில் போட்டு, மேலே நான் உட்கார்ந்து பார்த்தேன். என் எடைக்கு விளக்கு மதிப்பே கொடுக்கவில்லை.

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். “தொரை, நீங்கதான் கனமான ஆளு. கொஞ்சம் ஒக்காருங்க.”

துரை உட்கார்ந்தார். மண்டபம் பளீரென்றது. கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அதிகாரி பேச்சை மறந்து, “பாகுஸ் லா!” என்று மலாயில் மெச்சியபடி விளக்கையே சுற்றி வந்தார். மற்ற தோட்டத்துக்காரர்களையும் அழைத்து வந்து காட்ட வேண்டும், மாடுகள் இங்கேயேதானே இருக்கும் என்று துரையைக் கேட்டார். துரை எழுந்தால் விளக்கு அணையும். உட்கார்ந்தபடியே தலையாட்டினார்.

மறுநாள் அண்ணன் வீட்டு வாசலில் டீக்கு வரிசை நின்றது. நானும் நின்றேன். என் முறை வந்ததும் பெருமையாகச் சொன்னேன்: “டீசல நான் வேணும்னேதான் மறந்தேண்ணே. எல்லாம் உங்க மாட்டுக்காகத்தான்.”

எனக்கு மட்டும் பெரிய கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அத தொரைகிட்ட சொல்லிறாத, தம்பி.”