சூப்பர்வைசரைக் கொத்திய சேவல்

குளித்து முடித்து வெகுநேரமாகியும் சூப்பர்வைசர் கொல்லைப்புறக் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே சேவல் நின்றுகொண்டிருந்தது.

"ஏய்! உன் அருமைச் சேவலைக் கூப்பிடுடி! ஆலைக்கு நேரமாச்சு!"

மனைவி வந்து, "பா... பா..." என்றாள். சேவல் பூனைக்குட்டி மாதிரி அவள் பின்னால் போனது. சூப்பர்வைசர் துண்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். அவருடைய கெண்டைக்காலில் பழைய காயத்தின் மேல் புதுக் காயம்.

"உன்னை மட்டும் ஏன் கொத்த மாட்டேங்குது?"

"நான் தீனி போடறேன்ல."

அட, இவ்வளவுதானா என்று மறுநாள் அவரே தானியக் கிண்ணத்தோடு போனார். கோழிகள் தின்றன. சேவல் தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் கையைக் கிழித்தது.

ஆலையில் அவர் தலை தெரிந்தாலே பேச்சு அடங்கிவிடும். அன்று அவருடைய கைக்கட்டைப் பார்த்துவிட்டு, தொழிலாளிகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஆளுக்கொரு மிஷினுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். காவலாளி மட்டும் பரிதாபப்பட்டார்.

"இன்னொரு சேவலை வாங்கி விடுங்க சார். ரெண்டும் அடிச்சிக்கிட்டுக் கிடக்கும். உங்களை மறந்துடும்."

சந்தையில் இருந்ததிலேயே முரட்டுச் சேவலை வாங்கிவந்து விட்டார். ரத்தம் சொட்டச் சொட்ட இரண்டும் சண்டை போட்டன. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஆனால் சில நாளிலேயே இரண்டும் ராசியாகிவிட்டன. அப்புறம் பழையது முன்னால் பாய்ந்தால், புதியது பின்னால் பாய்ந்தது.

ஒரு சாயங்காலம், குழம்பில் உப்புக் கூடிப்போனதைப் பற்றி அவர் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டும் சமையலறைக்கே வந்துவிட்டன. அவருடைய புருவம் பிளந்துவிட்டது.

"கண்ணே போயிருக்கும்! ரெண்டையும் ஒழிச்சாத்தான் நிம்மதி!"

"வேண்டாங்க," என்றாள் மனைவி. அவள் அதுவரை அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதே இல்லை. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் கறிக்கடைக்காரருக்குச் சொல்லியனுப்பினார்.

கறிக்கடைக்காரர் சாக்கோடு வந்தார். சூப்பர்வைசர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார்.

"ஜாக்கிரதைப்பா, மூஞ்சிக்குப் பாயும்!"

கடைக்காரர் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். சேவல்கள் முனகக்கூட இல்லை.

"இதுங்களுக்கா சார் ஹெல்மெட்டு? கைக்குழந்தை மாதிரி வருதுங்க."

"உனக்கென்ன தெரியும்? ஒரு காரணமும் இல்லாம கொத்தும்!"

சாக்கு தெருமுனையில் மறைந்த பிறகுதான் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கொல்லையின் நடுவே கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். மனைவி கூண்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

"ரெண்டையும் அனுப்பிட்டாராம்மா?" என்று மனைவியைக் கேட்டாள். "இனிமே அவர் உன்னை அடிக்க வந்தா யாரும்மா குறுக்கே பாயறது?"