நானே இறக்கிய காற்று

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு வந்த கோபத்தில், கையிலிருந்த ரம்பம் பலகையை விட்டுவிட்டுப் பெஞ்சை அறுத்துவிட்டது. பட்டறை வாசலில் நின்று என் மனைவி சொன்ன ஒரே வாக்கியம்தான் காரணம்.

"நாளைக்குத் தம்பி வீடு மாத்துறான். உங்க ட்ரக்கும் ட்ரெயிலரும் வேணுமாம்."

வாரம் முழுக்கக் கதவு செய்து முதுகு ஒடிகிறவன் நான். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் எனக்குச் சொந்தம். நாளைக்கு என் சிநேகிதன் வெல்டர், தானே செய்த இரும்புப் படகை என் ட்ரெயிலரில் ஏற்றுவதாகவும், இருவரும் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவதாகவும் ஏற்பாடு.

"உன் தம்பிக்கு வேற வண்டியே கிடைக்கலையா?"

"வேற அத்தான் கிடைக்கலையாம்."

"என் வண்டி எதை வேணா இழுக்கும். உன் தம்பி இழுக்குற இழுப்புக்கெல்லாம் வராது!"

"சரி, ட்ரெயிலர் மாட்டுறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்கன்னு மூணு வாரமா சொல்றேனே, பார்த்தீங்களா?"

"பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டுறேன். வேணும்னா டயர் என்னைப் பார்க்கட்டும்!"

கத்திவிட்டேனே தவிர, அந்த நிமிஷமே யோசனை உதித்துவிட்டது. டயர்! டயர் சரியில்லை என்றால் மச்சினனின் பீரோ எப்படிப் போகும்? அவன் வேறு வண்டி தேடிக்கொள்வான். நான் காற்றடித்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவேன்.

காலையில் அவள் குளிக்கப் போன நேரம். ட்ரக்கின் நாலு டயரிலும் வால்வை அழுத்தினேன். புஸ்ஸ்ஸ். என் கோபமே வெளியேறுவது போல அப்படி ஒரு சுகம்.

பிறகு வாசலில் நின்று அலறினேன். "அடியே! இங்க வந்து பாரு! இதுல ட்ரெயிலர் மாட்டினா தெருமுனை தாண்டாது!"

ஈரத்தலையோடு வந்தாள். காற்று மீட்டரை எடுத்துவந்து ஒவ்வொரு டயராக வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஆமாங்க, பாதிகூட இல்ல. பட்டன் எப்படி இருக்கு?"

"சுத்தமா தேஞ்சு போச்சு!"

"சட்டையைக் கேக்கலீங்க."

"நானும் டயர் மேல ரோட்டைப் பிடிக்கிற பட்டனைத்தான் சொல்றேன்!"

"எவ்வளவு நாள் ஓடும்?"

அது கேள்வி இல்லை, கொக்கி. ட்ரெயிலர் கொக்கியைவிடப் பெரிய கொக்கி. கோபத்தில் எனக்குத் தெரியவில்லை.

"ஒரு நாள்கூட ஓடாது!"

"இதை அப்படியே இதுல சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க." போனை நீட்டினாள்.

மச்சினன்தான் என்று நினைத்து வெளுத்து வாங்கினேன். "கேட்டுக்கோ! இந்த வண்டியில சாமானை ஏத்தினா நடுரோட்டுல டயர் வெடிக்கும். ட்ரெயிலர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், உன் சாமான் ஒரு பக்கம்! உசுரு மேல ஆசை இருந்தா வேற ஆளைப் பாரு!"

"டேய், நல்லவேளை சொன்னடா!" என்றது போன். வெல்டர்! "ரெண்டு வருஷமா செஞ்ச படகுடா அது. நான் எங்க பெயின்டரோட வண்டியில போய்க்கிறேன். அதுல ரெண்டு பேர்தான் உட்கார முடியும். நீ வீட்டுல ரெஸ்ட் எடு."

வைத்துவிட்டான்.

"டயர் நல்லாத்தான்டி இருக்கு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "காத்தை இறக்கினதே நான்தான்!"

"அப்படியா? அப்ப நீங்களே ஏத்துங்க." மிதிபம்பைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். "தம்பி வர்ற நேரமாச்சு."

மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு ஆளைத் திட்டினேன். அவளை, அவள் தம்பியை, வெல்டரை, முகம் தெரியாத பெயின்டரை. மூன்று டயர் முடிந்தது. நாலாவது, பின்பக்கம் இடது. காற்று ஏற ஏற, உள்பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் எழும்பியது.

பம்பை நிறுத்தினேன். ஏரிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய இறக்கம் உண்டு. படகோடு அதில் இறங்கும்போது இது வெடித்திருந்தால்? அதற்கும் அவள்மீதுதான் கோபம் வந்தது.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"உள்ளே வீங்கியிருக்கு."

குனிந்து பார்த்தாள். சொல்லிக்காட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த வாய்ப்பையும் தரவில்லை. ஜாக்கியை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, ட்ரெயிலர் டயர் இரண்டையும் பார்த்து முடித்தபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

அப்போதுதான் மச்சினன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"ஏறுடா!" என்று உறுமினேன். "பீரோ எங்க இருக்கு? சீக்கிரம் காட்டு!"

அவன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"காலி அட்டைப்பெட்டி இருக்கு, வந்து வாங்கிக்கோன்னு அக்காதான் வரச் சொன்னாங்க அத்தான். வீடு மாத்துறது அடுத்த மாசம்தானே?"